ஓரங்க நாடகம், முதல் வரைவு: இரண்டு சகோதரிகள், ஒரு சார்ஜர்

நீலமை (முதல் நாள், இரவு)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டரை மாதமாக எழுதிக்கொண்டிருந்த ஓரங்க நாடகத்தின் முதல் வரைவை நேற்று ராத்திரி முடித்தேன். நான் சிறுகதை எழுதிப் பழகியவள். நாடகம் இதுதான் முதல்.

அப்பாவுக்கு அவசர அறுவை சிகிச்சை. மருத்துவமனை வராந்தாவில் இரண்டு பெண்கள் விடிய விடியக் காத்திருக்கிறார்கள். அக்காவுக்கு ஐம்பது வயது, தங்கைக்கு நாற்பத்திரண்டு. ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. மேடையில் ஒரு பெஞ்சு, ஒரு போர்வை, சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். இரண்டு பேர் போனிலும் சார்ஜ் இல்லை, இருப்பது ஒரே சார்ஜர், அது தங்கையுடையது. மொத்தம் 41 பக்கம்.

படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நாடகமா, வசனமாகப் பிரித்து எழுதிய சிறுகதையா என்று எனக்கே பிடிபடவில்லை. 17ஆம் பக்கத்தில் அக்கா பேச ஆரம்பித்தால் 19ஆம் பக்கத்தில்தான் நிறுத்துகிறாள். சண்டை ஏன் வந்தது என்பது முழுக்க அங்கேதான் இருக்கிறது. எழுதும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால்தான் அந்த இடத்தில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

முழுப் பிரதியையும் குழுவின் கோப்பில் போட்டிருக்கிறேன். அவசரமில்லாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து ஒரு துண்டு:

*(தங்கை பிளக் பாயின்ட்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வயர் குட்டை. போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்க முடியாது.)*

அக்கா: எவ்வளவு ஏறியிருக்கு?

தங்கை: பதினொண்ணு.

அக்கா: எனக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

தங்கை: இருபது வந்ததும் தரேன்.

அக்கா: பையன் கூப்பிடுவான்.

தங்கை: இருபது.

---

மெய்ப்பு (முதல் நாள், இரவு)

வாழ்த்துகள் நீலமை. முதல் வரைவை முடிப்பது சின்ன வேலை இல்லை, இன்று நன்றாகத் தூங்குங்கள்.

எல்லோரும் பாய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை. புதிதாக வந்தவர்கள் இருப்பதால் நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இது நாமே யோசித்த முறை இல்லை. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல் உருவாக்கியது. நடனத்துக்கென்று தொடங்கி, நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். நாலு படி. முதலில், எது மனதில் நின்றது என்று மட்டும் வாசித்தவர்கள் சொல்வார்கள். அப்புறம் எழுதியவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். மூன்றாவதாக வாசித்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. “ஏன் இவ்வளவு நீளம்?” என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் தீர்ப்பு. “இந்த வசனம் முடியும்போது தங்கை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்பதுதான் கேள்வி. கடைசிப் படிதான் கருத்து. அதுவும், “இந்த விஷயத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லட்டுமா?” என்று கேட்டு, எழுதியவர் சரி என்றால் மட்டும்.

நீலமை, உங்களுக்கு இப்போது எது வேண்டும் என்று சொல்லுங்கள். இன்று கேட்க விருப்பம் இல்லாததையும் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

---

நீலமை

இப்போது வேண்டியது: எங்கே கவனம் நின்றது, எங்கே நழுவியது. வேண்டாதது: முடிவை எப்படி மாற்றலாம் என்ற யோசனை. முடிவில் நான் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறேன், இன்னொருவர் குரல் அதற்குள் புகுந்தால் என் குரல் எனக்குக் கேட்காது.

---

காகிதத்தோணி (இரண்டாம் நாள்)

ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு நின்றது அந்தச் சார்ஜர்தான். தரையில் உட்கார்ந்தே பேச வேண்டியிருப்பதால் தங்கை எப்போதும் அண்ணாந்து பார்க்கிறாள். சின்னவள் கீழே, பெரியவள் மேலே. அவள் எழுந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் போனை விட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். 9ஆம் பக்கத்தில் லிஃப்ட் சத்தம் கேட்டதும் அவள் வயரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து மறுபடி உட்கார்ந்து சொருகுகிறாளே, அங்கே ஒரு வரி வசனம்கூட இல்லை. அவளுடைய பயம் முழுக்கத் தெரிந்தது.

போர்வையை நான் மறந்தே போனேன், இப்போது உங்கள் பதிவைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது.

---

ஒத்திகை (இரண்டாம் நாள்)

நடிப்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பேச்சுத் தமிழை நீங்கள் எழுதியிருக்கும் விதம் வாயில் நன்றாக உட்காருகிறது. பல பிரதிகளில் ஒலியை அப்படியே எழுத்தில் பிடிக்கிறேன் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு உடைத்துவிடுவார்கள், நடிகன் முதல் வாசிப்பில் வார்த்தையைத் தேடுவதிலேயே செத்துப்போவான். நீங்கள் வினைமுற்றை மட்டும் பேச்சுக்கு மாற்றிவிட்டு மற்றதைக் கண்ணுக்குப் பழகிய மாதிரியே விட்டிருக்கிறீர்கள். அது போதும். மீதியை வாய் பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிரதியில் இனி ஒரு வரியும் திருத்தாதீர்கள், முதலில் சத்தமாக வாசித்துவிடலாம். கண்ணால் படிக்கும்போது அலுப்பான இடத்தைக் கண் தாவிவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை.

---

பின்வரிசை (மூன்றாம் நாள்)

நீலமை, 17ஆம் பக்கத்து வசனத்தைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு, கேட்கலாம் அல்லவா? நான் மேடைக்குப் பின்னாலும் முன்னாலும் நிறைய வருடம் கழித்தவன், என்னால் சுருக்கமாகப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி. அந்த இரண்டு பக்கத்தையும் அக்கா யாருக்காகப் பேசுகிறாள்? சண்டை நடந்தபோது தங்கையும் இருந்தாள். அவளுக்குத் தெரியாத ஒரு வரியாவது அதில் இருக்கிறதா? தெரிந்ததையே திரும்பச் சொல்கிறாள் என்றால் அவள் தங்கையிடம் பேசவில்லை, இருட்டில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் பேசுகிறாள்.

இரண்டாவது. பேசி முடித்ததும் அக்காவுக்கு என்ன கிடைக்க வேண்டும்? மன்னிப்பா, ஆறுதலா, தங்கை எழுந்து போய்விட வேண்டுமா? ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி காலத்திலிருந்து நடிகர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான், இந்த ஆளுக்கு இந்த நிமிடம் என்ன வேண்டும் என்பது. சார்ஜர் காட்சியில் அது பளிச்சென்று இருக்கிறது. இவளுக்கு ஐந்து நிமிடம் வேண்டும், அவள் இருபது சதவீதம் வரை தரமாட்டாள். நாங்கள் முன்னால் சாய்ந்து பார்க்கிறோம். 17ஆம் பக்கத்தில் அக்காவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவதுதான் என்னை ரொம்பவும் தூண்டியது. சண்டைக்குக் காரணம் அம்மா இறந்த ராத்திரி என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா ராத்திரி ஒரு மணிக்குப் போய்விட்டார். தங்கை தூரத்தில் இருந்தாள். “தூங்கட்டும், விடிஞ்சதும் சொல்லிக்கலாம்” என்று அக்கா காலை ஆறு மணிக்குத்தான் போன் செய்தாள். தங்கையால் அந்த ஐந்து மணி நேரத்தை மன்னிக்க முடியவில்லை. இது 18ஆம் பக்கத்தில் நடுவாக்கில் ஒரு வரியாக வருகிறது. இதற்கும் நீங்கள் மேடையில் வைத்திருக்கும் போனுக்கும் சார்ஜருக்கும் உள்ள உறவு தெரிந்து வைத்ததா?

---

நீலமை (மூன்றாம் நாள், இரவு)

தெரிந்து வைக்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். சார்ஜரை நான் வைத்தது இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கட்டிப்போடத்தான். அந்த போன் அழைப்பு வரிக்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் கேள்விக்குப் பதில்: தங்கைக்குத் தெரியாதது அதில் ஒன்றுமே இல்லை. தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை.

---

பின்வரிசை

அப்படியென்றால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நானாக இருந்தால் அந்த வசனத்தை எடுத்துவிட்டு, தங்கை தூங்கும்போது அக்கா அவள் போனை எடுத்து பழைய அழைப்புப் பட்டியலைப் பார்ப்பது போல வைப்பேன். அதில் அந்தக் காலை ஆறு மணி அழைப்பு அப்படியே இருக்கும். அதை அக்கா அழிக்கப் போவாள், தங்கை விழித்துக்கொள்வாள். வேண்டுமானால் அந்தக் காட்சியை நானே எழுதி நாளைக்கு…

---

மெய்ப்பு

அண்ணா, இங்கே ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் மூன்று கேள்விகளும் நீலமையை எழுந்து நடக்க வைத்திருக்கின்றன. அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். அதற்குள் நாம் காட்சியைக் கையில் கொடுத்துவிட்டால் அவருடைய நாடகம் உங்களுடையதாகிவிடும்.

---

பின்வரிசை

சரிதான். மன்னித்துக்கொள்ளுங்கள் நீலமை. நல்ல பிரதியைப் பார்த்தால் கை துடிக்கிறது. அந்த யோசனையை மறந்துவிடுங்கள். ஒன்பது வருடம் ஒரே போன் யாரிடமும் இருக்காது என்று இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.

---

நீலமை

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணா. அந்தக் கேள்விகளை யாரும் எனக்குக் கேட்டுத் தரமாட்டார்கள். காட்சியை மட்டும் நான் தேடிக்கொள்கிறேன்.

---

புதுவாசகி (நான்காம் நாள்)

வணக்கம். இரண்டு வாரம் முன்பு சேர்ந்தேன், இதுவரை ஒன்றும் எழுதியதில்லை. நாடகம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அதனால் கேட்கலாமா என்று யோசித்து யோசித்து இன்று கேட்கிறேன்.

தங்கை ஒரு இடத்தில்கூட “அக்கா” என்று கூப்பிடவில்லை. “நீங்க தூங்குங்க”, “நீங்க வேணா போங்க” என்றெல்லாம்தான் பேசுகிறாள். எனக்கு அக்கா இருக்கிறாள். நான் அவளை நீ என்றுதான் சொல்வேன், சண்டை வந்தால்கூட. இவர்கள் சின்ன வயதிலிருந்தே அப்படிப் பேசிப் பழகியவர்களா, இல்லை சண்டைக்கு அப்புறம் மாறியதா?

---

காகிதத்தோணி

புதுவாசகி, இந்தப் பிரதியை நான் மூன்று தடவை படித்தேன். இது என் கண்ணில் படவில்லை.

---

நீலமை (நான்காம் நாள், இரவு)

கோப்பில் தேடிப் பார்த்தேன். பேசுபவர் பெயராக “அக்கா” பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. தங்கையின் வாயில் 41 பக்கத்திலும் ஒரு தடவைகூட இல்லை. கை தானாகவே தவிர்த்திருக்கிறது போலும்.

புதுவாசகி, உங்கள் கேள்விக்கு இப்போதுதான் பதில் யோசிக்கிறேன். சின்ன வயதில் நீ, வா, போதான். சண்டைக்கு அப்புறம் மரியாதை வந்துவிட்டது. நெருக்கம் போன இடத்தில் மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது இல்லையா. எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். பேச்சு நின்று மறுபடி தொடங்கும்போது ‘ங்க’ சேர்ந்துவிடும்.

இப்போது என் கேள்வி எல்லோருக்கும்: அவள் எப்போதாவது “அக்கா” என்று சொல்ல வேண்டுமா?

---

காகிதத்தோணி

கேட்டதால் சொல்கிறேன். கடைசி வரியாக. திரை விழும் முன் அந்த ஒரு சொல். நான் கவிதைக்காரி, எனக்கு வேறு மாதிரி யோசிக்க வராது.

---

ஒத்திகை

நடிக்கிறவனுக்கு அது பயங்கரமான இடம். கடைசிச் சொல் என்று வைத்துவிட்டால் நடிகை அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து வைப்பாள். பார்ப்பவர்களும் பத்து நிமிடம் முன்பே அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள். நிஜத்தில் இப்படிப்பட்ட சொல் யோசித்தா வருகிறது? பாத்திரம் கைநழுவி விழும்போது, யாரோ கதவைத் தட்டும்போது, அவசரத்தில் வாய் தவறி வரும். வந்த பிறகுதான் சொன்னவளுக்கே தெரியும்.

---

காகிதத்தோணி

“வந்த பிறகுதான் சொன்னவளுக்கே தெரியும்.” சரி, நான் ஒப்புக்கொள்கிறேன்.

---

பின்வரிசை

நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

மெய்ப்பு (ஐந்தாம் நாள்)

சனிக்கிழமை இரவு வாசிப்பு வைத்துக்கொள்ளலாம், பத்துப் பேர் வருகிறார்கள். வீடியோ காலில் வாசிப்பதால் சில ஏற்பாடுகள்.

மேடைக் குறிப்புகளை நான் வாசிக்கிறேன். எல்லாவற்றையும் இல்லை. “சோர்வாகப் பார்க்கிறாள்” போன்றவற்றை விட்டுவிடுவேன், “வயரைப் பிடுங்குகிறாள்” போன்றவற்றை வாசிப்பேன். நீலமை எதை வாசிக்க வேண்டும் என்று பிரதியில் கோடு போட்டுக் கொடுங்கள். வாசிக்காதவர்கள் வீடியோவையும் மைக்கையும் அணைத்துவிடுங்கள், திரையில் இரண்டு முகம் மட்டும் இருக்கட்டும்.

12ஆம் பக்கத்தில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசும் இடம் இருக்கிறது. வீடியோ காலில் அது சரியாக வராது. குரல் ஒரு நொடி பிந்தி வரும், இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒரு குரலை அமுக்கிவிடும். அதை வைத்து அந்தக் காட்சியை எடைபோடாதீர்கள். அப்புறம் ஒரு யோசனை: வசனம் எந்த இடத்தில் குறுக்கே வெட்டப்படுகிறதோ அங்கே ஒரு சாய்கோடு போட்டுவிடுங்கள். கேரில் சர்ச்சில் தன் நாடகங்களில் கையாண்டு பரவலான முறை அது. முதல் ஆள் பேசிக்கொண்டே இருப்பார், சாய்கோடு வந்ததும் அடுத்தவர் தொடங்க வேண்டும். “குறுக்கிட்டு” என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவதைவிடத் தெளிவு.

அதேபோல நீங்கள் ஒரே மாதிரி எல்லா இடத்திலும் “மௌனம்” என்று போட்டிருக்கிறீர்கள், 26 இடத்தில். ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டரின் பிரதிகளில் இடைவெளி வேறு, மௌனம் வேறு. இடைவெளியில் பேச்சு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மௌனத்தில் பேச்சு அங்கே முடிந்துவிட்டது, அடுத்து வருவது வேறொன்று. உங்கள் 26இல் எது எது என்று பிரித்துப் பாருங்கள். சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று இல்லை.

கேட்பவர்கள் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். மனம் வேறெங்காவது போய்விட்டுத் திரும்பினால் பக்க எண்ணை மட்டும் குறியுங்கள். காரணம் எழுத வேண்டாம்.

பதிவு செய்வது நீலமை மறுபடி கேட்டுக்கொள்ள மட்டும். யாரும் வெளியே பகிர வேண்டாம். பிரதியும் அப்படியே. சில போட்டிகள் எங்கும் வெளியாகாத, மேடையேறாத நாடகம்தான் வேண்டும் என்று கேட்கும். பொதுவெளியில் கிடந்தால் நாளைக்கு அவருக்குச் சிக்கல்.

---

நீலமை (சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டி)

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். வாசித்த இரண்டு பேருக்கும், ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று சொல்வார்களே, அதை நம்பி 41 நிமிடம் என்று நினைத்திருந்தேன். 58 நிமிடம் ஆனது. என் பக்கத்தில் மேடைக் குறிப்பு நிறைய, வசனமும் நெருக்கி எழுதியது. இனி கடிகாரம் வைத்துத்தான் கணக்கு.

உங்கள் தாள்களைச் சேர்த்துப் பார்த்தேன். கேட்ட ஏழு பேரில் ஆறு பேர் 18 என்று குறித்திருக்கிறீர்கள். 14ஐ இரண்டு பேர். வேறு எங்கேயும் ஒருவருக்கு மேல் இல்லை. ஆறு பேர் ஒரே பக்கம். இதை யாராவது கருத்தாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். எண்ணிடம் என்ன வாதாடுவது.

இன்னொன்று நடந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பெரிய வசனத்தின்போது நான் அக்காவைப் பார்க்கவில்லை. தங்கையாக வாசித்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு பக்கம் வசனமே இல்லை. முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பிரதியில் கண்ணை ஓட்டினார், தன் அடுத்த வரி எங்கே என்று தேடினார். அவர்மேல் தப்பே இல்லை. நான் அவருக்குச் செய்ய எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் நாடகத்தில் ஒருத்தியை இரண்டு பக்கம் காணாமல் போக விட்டிருக்கிறேன்.

அந்த வசனத்தை எடுத்துவிடுகிறேன். அழுதுகொண்டு எழுதியது, இருந்தாலும் எடுத்துவிடுகிறேன். அதில் உள்ளது எல்லாம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

---

பின்வரிசை (ஞாயிறு)

எடுத்ததை அழித்துவிடாதீர்கள், தனிக் கோப்பில் வையுங்கள். நாளைக்கு அக்காவாக நடிப்பவருக்கு அதைவிட நல்ல பரிசு கிடைக்காது. மேடையில் பேசாத அந்த இரண்டு பக்கத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் “எவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்கப் போகிறார்.

அவசரமும் வேண்டாம். அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய யூஜின் ஓனீல் நாடக மையம் இந்த மாதிரி பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கும் முறைக்குப் பேர்போனது. காட்சி அமைப்பு, உடை என்று அலங்காரத்தில் காசைக் கொட்டாமல், எழுத்து மட்டும் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகஸ்ட் வில்சனின் ஒரு நாடகம் 1982இல் அங்கே வாசிக்கப்பட்டு, 1984இல்தான் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்குப் போனது. அவருக்கே நடுவில் இரண்டு வருட வேலை இருந்தது.

---

ஒத்திகை

நேற்று அக்காவாக வாசித்த தோழி சொல்லச் சொன்னார்: 6ஆம் பக்கத்தில் “போர்வையை நீ போத்திக்கோ” என்ற வரி நாக்கில் தடுக்குகிறதாம். “நீ போத்திக்கோ” போதுமாம், போர்வைதான் கையிலேயே இருக்கிறதே.

---

நீலமை

எடுத்தாயிற்று. அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

---

நீலமை (மூன்று வாரம் கழித்து)

இரண்டாவது வரைவு. 34 பக்கம். கோப்பில் இருக்கிறது.

17ஆம் பக்கத்தில் என்ன வைப்பது என்று பத்து நாள் திண்டாடினேன். அக்காவுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை மேசைமேல் எழுதி ஒட்டிவைத்திருந்தேன். மன்னிப்பு வேண்டும், ஆறுதல் வேண்டும் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், எல்லாம் மறுபடி பேச்சாகவே வந்தது. கையால் தொடக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றிய பிறகுதான் வழி திறந்தது. நர்ஸ் ஒரு படிவம் கொண்டு வருகிறார். அவசரம் என்றால் கூப்பிட ஒரே ஒரு எண். ஒரு கட்டம்தான் இருக்கிறது. யார் எண்ணை எழுதுவது?

*(நர்ஸ் போய்விட்டாள். படிவம் பெஞ்சின் மேல். அக்கா பேனாவை எடுக்கிறாள்.)*

தங்கை: என் நம்பர எழுதுங்க.

அக்கா: எனக்குத்தான் இங்க எல்லாரையும் தெரியும்.

தங்கை: என் போன்லதான் சார்ஜ் இருக்கு.

அக்கா: நான் சொல்ல மாட்டேன்னு நினைக்கிறியா?

*(இடைவெளி.)*

தங்கை: எத்தனை மணிக்குச் சொல்வீங்க?

*(மௌனம். அக்கா பேனாவை மூடுகிறாள். படிவத்தைத் தங்கையின் பக்கம் நகர்த்துகிறாள்.)*

இவ்வளவுதான். அம்மா இறந்த ராத்திரியைப் பற்றி இதற்கு முன்னால் 11ஆம் பக்கத்தில் ஒரு வரி, இதற்குப் பிறகு 22இல் இரண்டு வரி. வேறெங்கும் இல்லை. புரியுமா என்று எனக்கு இன்னும் பயம் இருக்கிறது, அதனால் அடுத்த வாசிப்புக்கு இந்த நாடகத்தைப் படிக்காதவர்கள் இரண்டு பேராவது வேண்டும்.

போர்வையை எடுத்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன், எடுக்கவில்லை. அதற்கு வேலை கிடைத்துவிட்டது. 27ஆம் பக்கத்தில் அக்கா தூங்கிப்போகிறாள். தங்கை போர்த்திவிடுகிறாள். அப்போது தங்கையின் போன் அடிக்கிறது, உள்ளே வரச் சொல்கிறார்கள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாது. அக்கா அசந்து தூங்குகிறாள். அவள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுத் தான் மட்டும் போகலாம். ஒன்பது வருடம் முன்னால் அக்கா செய்தது அதுதானே. தங்கை கதவு வரை போகிறாள், நிற்கிறாள்.

தங்கை: *(ஓடி வந்து தோளை உலுக்கி)* அக்கா, எழுந்திரு. அக்கா. கூப்பிடறாங்க, எழுந்திரு.

‘எழுந்திருங்க’ இல்லை. இதை எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை, கை ‘எழுந்திரு’ என்று எழுதிவிட்டது. அதற்கப்புறம் ஏழு பக்கம் இருக்கிறது. இரண்டு பேரும் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை.

---

காகிதத்தோணி

தங்கை கதவு வரை போய் நிற்கும் இடத்தில் நான் மூச்சை விடவில்லை. கடைசி வரியாக வைக்கச் சொன்ன என் யோசனையை நீங்கள் கேட்காததற்கு நன்றி.

---

ஒத்திகை

“எத்தனை மணிக்குச் சொல்வீங்க?” இந்த வரிக்காகவே இந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

நடிப்பவன் ஒரு கேள்வி கேட்கிறேன்: கதவருகே அவள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

---

நீலமை

தெரியவில்லை. வாசிப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேடைக் குறிப்பில் ‘இடைவெளி’ என்று போட்டேன், அழித்தேன், ‘மௌனம்’ என்று போட்டேன், அதையும் அழித்துவிட்டேன். இப்போது “நிற்கிறாள்” என்று மட்டும் இருக்கிறது. 26இல் மீதி இருப்பது ஒன்பது.

---

பின்வரிசை

எனக்கு ஒரு கருத்து உண்டு, 22ஆம் பக்கத்து இரண்டு வரியைப் பற்றி. சொல்லட்டுமா?

---

நீலமை

சொல்லுங்கள் அண்ணா. இந்த வரைவுக்கு எல்லாக் கருத்தும் வேண்டும், முடிவைப் பற்றியும்.

---

பின்வரிசை

அந்த இரண்டு வரியில் முதலாவது போதும். “ஆறு மணிக்கு” என்று தங்கை சொன்னவுடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “நீ தூங்கிட்டிருப்பேன்னு நினைச்சேன்” என்று அக்கா விளக்கும்போது அவள் மறுபடி எங்களிடம் பேசுகிறாளோ என்று சந்தேகம் வருகிறது. ஆனால் இதைப் படிக்காத ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நானும் இப்போது ரொம்பத் தெரிந்தவனாகிவிட்டேன். முடிவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அப்படியே இருக்கட்டும்.

---

மெய்ப்பு

அப்படியே இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். முதலில் அந்த வரி இல்லாமல் முழு நாடகம். புரிந்ததா என்று கேட்டுவிட்டு, அப்புறம் 22ஆம் பக்கத்தை மட்டும் வரியோடு ஒரு தடவை. வரும் சனிக்கிழமை. புதிய கேட்பாளர்கள் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்குப் பிரதி அனுப்பவில்லை. அக்காவுக்கு முன்பு வாசித்த தோழியே வருகிறார். தங்கைக்கு யார்? முன்பு வாசித்தவருக்கு அன்று வேலை இருக்கிறது.

---

புதுவாசகி

நான் வாசிக்கட்டுமா? முன்பின் வாசித்ததில்லை. ‘எழுந்திரு’ மட்டும் சரியாக வந்துவிடும் என்று நினைக்கிறேன், அதை நான் என் அக்காவிடம் தினமும் சொல்கிறேன்.

---

நீலமை

நீங்கள்தான் வாசிக்க வேண்டும். பிரதி அனுப்பிவிட்டேன், உங்கள் வரிகளுக்குக் கோடு போட்டிருக்கிறேன். கதவருகே எவ்வளவு நேரம் நிற்பது என்று நான் சொல்ல மாட்டேன்.